ரோஜா வளர்ப்பு: உங்கள் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

புதிதாக ரோஜா வைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சறுக்குகிறார்கள். நர்சரியில் பூவைப் பார்த்துச் செடி வாங்குகிறார்கள், அன்றைக்கே பெரிய தொட்டிக்கு மாற்றுகிறார்கள், மறுநாள் உரம் போடுகிறார்கள். அப்புறம் இணையத்தில் பார்த்த ஏதோ ஒரு மாதத்தில் கவாத்து செய்கிறார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு வேலையும் சரியானதுதான். வரிசையும் மாதமும் தவறு.

டெல்லியில் சொல்லும் அக்டோபர் கவாத்து அங்கே மழை முடிந்து குளிர் தொடங்கும் நேரத்தைக் கணக்கிட்டது. சென்னையில் அதே அக்டோபரில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஊரை முன்னால் வைத்துப் போகிறது. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. செடிக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள்

மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் செடி வைக்கப்போகும் இடத்தில் எத்தனை மணி நேரம் நேரடி வெயில் விழுகிறது, உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது, உங்கள் ஊரில் அடைமழை எந்த மாதங்களில்.

வெயில் குறைந்தது ஐந்து, ஆறு மணி நேரம் வேண்டும். அது காலை வெயிலாக இருந்தால் நல்லது. இரவுப் பனியில் நனைந்த இலை சீக்கிரம் உலரும், மதிய வெயிலில் பூ கருகாது. நாள் முழுக்க நிழலடிக்கும் பால்கனியில் ரோஜா உயிரோடு இருக்கும், பூக்காது. அங்கே வேறு செடி வைக்கலாம்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் அதையும் இப்போதே கணக்கில் எடுங்கள். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிவது இந்த உப்புதான். இலை ஓரம் காய்வதற்கும் இதுவே காரணமாகலாம்.

மழையையும் வெப்பத்தையும் வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டில் நான்கு விதமான ரோஜா ஊர்கள் உண்டு. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மதுரை, திருச்சி, சேலம் போன்ற உள்மாவட்டங்களில் வறண்ட வெயில்தான் முக்கியச் சிக்கல். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் மிதமான பகல், குளிர்ந்த இரவு. வணிக ரோஜாத் தோட்டங்கள் அங்கே குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி ஆகியவை மலை ஊர்கள். 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனியும் விழும்.

2. ஊருக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்

முதல் செடி எது என்று கேட்டால், சமவெளியில் இருப்பவர்களுக்கு என் பதில் மாறாது: பன்னீர் ரோஜா, எட்வர்ட் ரோஜா, ஆந்திரா சிவப்பு, பட்டன் ரோஜா. இவற்றில் ஒன்று. பூக்கடையில் உதிரியாக எடை போட்டு விற்கும் ரகங்கள் என்று சிலர் இவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் வெயிலைத் தாங்கித் திரும்பத் திரும்பப் பூப்பவை இவைதான். பன்னீர் ரோஜாவின் வாசனைக்கு எந்தப் பெரிய பூவும் ஈடாகாது.

அடுத்த படி, கொத்தாகப் பூக்கும் ஃப்ளோரிபண்டா வகைகள். வெள்ளைப் பூ பூக்கும் 'ஐஸ்பெர்க்' இந்த வகை. ஒரு பூ வெயிலில் வாடினாலும் கொத்தில் அடுத்த மொட்டு விரிவதால் செடி வெறுமையாகத் தெரியாது.

நீண்ட காம்பில் ஒற்றைப் பூவாக வரும் ஹைப்ரிட் டீ வகைகளை மூன்றாவதாக வையுங்கள். சமவெளியிலும் அவை வளரும், ஆனால் நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரைதான் தங்கள் உண்மையான அளவைக் காட்டும். ஏப்ரல், மே மாதங்களில் அதே செடியின் பூ பாதியாகச் சுருங்கும், நிறம் வெளுக்கும். அது செடியின் நோயல்ல, வெப்பம்.

இதழ் எண்ணிக்கையைப் பலரும் பார்ப்பதில்லை. வெப்பமான ஊரில் இதழ் குறைந்த பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் மல்லாந்துவிடும். இதழ் நெருக்கமான பூ மெதுவாக விரிவதால் கூடுதல் நாள் நிற்கும். மழையும் குளிரும் உள்ள மலையில் கதை தலைகீழ். அங்கே இதழ் நெருக்கமான மொட்டுகள் நனைந்து ஒட்டிக்கொண்டு, விரியாமலே அழுகும். தென்மேற்குப் பருவமழை வலுவாகப் பெய்யும் ஊட்டிப் பக்கத்தில் இதழ் குறைந்த வகைகளையும் கொஞ்சம் கலந்து வைப்பதே நல்லது.

நிறத்திலும் கவனம் வேண்டும். கருஞ்சிவப்பு இதழ்களின் ஓரம் உச்சி வெயிலில் கருகும். மொட்டை மாடியில் முழு வெயிலில் வைப்பவர்கள் இளஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளைப் பக்கம் போகலாம்.

ஓசூர்ப் பக்கத்திலிருந்து பூங்கொத்துக்கு வரும் 'தாஜ்மஹால்' போன்ற ரகங்களை மாடியில் வளர்க்கச் சிலர் ஆசைப்படுகிறார்கள். அவை பசுமைக் குடிலின் பாதுகாப்பில், சொட்டு நீரிலும் கணக்கான உரத்திலும் வளர்பவை. முதல் செடியாக அவை வேண்டாம்.

3. நர்சரியில் எதைப் பார்ப்பது

பூவைப் பார்க்காதீர்கள், அடித்தண்டைப் பாருங்கள். பென்சில் கனத்தில் இரண்டு மூன்று கிளைகள், ஒட்டுக்கு (இரண்டு செடிகளை இணைத்த இடத்துக்கு) மேலிருந்து வரும் சிவந்த தளிர், கருப்பு ஏறாத தண்டு. இவை இருந்தால் பூவே இல்லாவிட்டாலும் அந்தச் செடியை எடுங்கள். ஐந்தாறு பூவோடு நிற்கும் மெலிந்த செடி தன் சேமிப்பையெல்லாம் பூவுக்குக் கொடுத்துவிட்டது. இடம் மாறும் அதிர்ச்சியைத் தாங்க அதனிடம் எதுவும் மிச்சமில்லை.

ஒட்டு எங்கே இருக்கிறது என்று அங்கேயே கண்டுபிடியுங்கள். மண்ணுக்குச் சற்று மேலே தண்டு முடிச்சு போலப் பருத்திருக்கும். அதற்குக் கீழே இருப்பது வேருக்காக மட்டும் இணைத்த வேர்ச்செடி, மேலே இருப்பதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் ரோஜா. கீழிருந்து கிளை வந்திருந்தால் வேறு செடி பாருங்கள். ஒட்டில் பிளாஸ்டிக் நாடா இன்னும் இறுக்கமாகச் சுற்றியிருந்தால், தண்டை நெரிக்கும் முன் வீட்டில் மெதுவாக அறுத்தெடுங்கள்.

கடலோரத்தில் வாங்க நல்ல காலம் மழை ஓய்ந்த பிறகு, ஜனவரி, பிப்ரவரி. உள்மாவட்டங்களிலும் ஓசூரிலும் ஜூன், ஜூலையிலும் வாங்கலாம். சமவெளியில் ஏப்ரல், மே மாதங்களில் வாங்கவே வேண்டாம்.

செடியே வாங்காமல் குச்சியிலிருந்து வளர்க்க நினைத்தால் பன்னீர், எட்வர்ட், பட்டன் ரோஜாக்கள் ஒத்துழைக்கும். பூத்து முடிந்த, பென்சில் கனக் குச்சி எடுங்கள். உருளைக்கிழங்கில் குத்தி நடும் வித்தை வேண்டாம். கிழங்கு அழுகி, குச்சியையும் அழுகவைக்கும்.

4. செடி வருவதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

தொட்டி குறைந்தது 12 அங்குலம். பட்டன் ரோஜாவுக்கு 10 போதும். அடியில் துளைகள் தாராளமாக இருக்கட்டும். கறுப்புப் பைகளும் கறுப்புத் தொட்டிகளும் மாடி வெயிலில் வேரை வேகவைக்கும். வெள்ளைப் பை அல்லது மண்தொட்டி நல்லது. தொட்டிக்கு அடியில் செங்கல் வைத்தால் தளத்தின் சூடு ஏறாது, மழைநீரும் துளை வழியே ஓடும்.

மண் கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணலும் தென்னை நார்க்கழிவும் சேர்ந்து ஒரு பங்கு. தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, ஒரு கைப்பிடி எலும்புத்தூள். கடலோரத்தில் மணலைக் கூட்டி நார்க்கழிவைக் குறையுங்கள், மழை மாதங்களில் நார் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. மதுரை, சேலம் பக்கம் நார்க்கழிவு கொஞ்சம் கூடவே இருக்கலாம். மட்காத சாணம் சூடு கிளப்பி வேரைக் கருக்கும், கரையானையும் கூப்பிடும்.

கூரான கவாத்துக் கத்தரி ஒன்று வாங்கிவிடுங்கள். சமையலறைக் கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். நசுங்கிய இடத்தில்தான் தண்டு கருத்துக் காயும் கருகல் தொடங்கும்.

5. வந்த செடியை முதலில் சும்மா விடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். நர்சரியின் நிழல் வலையில் இருந்த செடியை நேராக மாடி வெயிலில் வைத்தால் இலை கொட்டும். அதே நாளில் வேரையும் தொந்தரவு செய்தால் செடியால் இரண்டையும் சமாளிக்க முடியாது.

வாங்கிய பையிலேயே, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் ஒரு வாரம் பத்து நாள் வையுங்கள். பூவையும் மொட்டையும் வெட்டிவிடுங்கள். உரம் கூடாது. புதிய தளிர் தலைகாட்டினால் செடி ஊருக்குப் பழகிவிட்டது, இனி நடலாம்.

6. நடும் முறை

தமிழ்நாட்டு நர்சரிகளுக்கு வரும் செடிகளில் கணிசமானவை ஆந்திராவின் கடியம் பகுதியிலிருந்து வருகின்றன. பையைக் கிழித்தால் வேரைச் சுற்றி ஒட்டும் களிமண் உருண்டை இருக்கும். இதை அப்படியே தொட்டியில் வைப்பதுதான் பல ரோஜாக்கள் மூன்று மாதத்தில் சாவதற்குக் காரணம். நீங்கள் ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள தளர்ந்த மண்ணில் ஓடிவிடும். களி உருண்டை கோடையில் செங்கல்லாக இறுகும், மழையில் சேறாக நிற்கும். வேர் அதை விட்டு வெளியே வராது.

செய்ய வேண்டியது இது. வாளித் தண்ணீரில் அந்த உருண்டையை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வெளிப்பக்கக் களி குழைந்து தானாகக் கரையும். விரலால் வருடி வெளிப்பக்கப் பாதியைக் கழற்றுங்கள், வேரைப் பிய்க்காதீர்கள். நடுவில் கொஞ்சம் ஒட்டியிருந்தால் பரவாயில்லை. வெள்ளை நுனியுள்ள மெல்லிய வேர்கள் வெளியே தொங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். செம்மண்ணும் நார்க்கழிவுமாக வரும் செடிகளுக்கு இந்த வேலை தேவையில்லை, உருண்டை உடையாமல் அப்படியே நடலாம்.

ஒட்டு மண்ணுக்கு மேல் ஓரிரு அங்குலம் தெரியும்படி நடுங்கள். ஒட்டு புதைந்தால் நம் ஈரப்பதத்தில் அழுகும். குளிர்நாட்டு வழிகாட்டிகளில் ஒட்டைப் புதைக்கச் சொல்வது அங்கே உறைபனியிலிருந்து அதைக் காக்க. சமவெளிக்கு அது பொருந்தாது.

மாலையில் நட்டு, துளை வழியே வெளியேறும் வரை தண்ணீர் ஊற்றி, ஐந்தாறு நாள் நிழலில் வைத்து, அப்புறம் படிப்படியாக வெயிலுக்கு நகர்த்துங்கள். முதலில் வரும் மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான். ஆனால் அந்தச் சத்தில்தான் வேர் இறங்க வேண்டும்.

நிலத்தில் நடுபவர்கள் ஒன்றரை அடிக் குழி எடுத்து, ஒரு வாரம் ஆறவிட்டு, மேல்மண்ணையும் தொழு உரத்தையும் கலந்து நிரப்பி நடலாம். தண்ணீர் தேங்கும் இடமானால் மேடை கட்டுங்கள். ஊட்டி அரசு ரோஜாப் பூங்கா எல்க் மலைச் சரிவில் படிப்படியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீர் நிற்காத நிலம் ரோஜாவுக்கு எவ்வளவு தேவை என்பது அங்கே போனால் புரியும்.

7. தண்ணீர்

விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். மே மாத மாடியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தேவைப்படலாம், நவம்பரில் ஒரு வாரம் தேவையே இருக்காது. ஊற்றும்போது நிறைய ஊற்றுங்கள். தினமும் ஒரு குவளை தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும், உப்பும் அங்கேயே தங்கும்.

உப்புத் தண்ணீர்க்காரர்கள் மழைநீரைப் பிடித்து வைத்து, மாதம் ஒரு முறையாவது தொட்டி நிறைய ஊற்றி வடியவிடுங்கள். தேங்கிய உப்பு கழுவிப் போகும்.

8. உரம்

நட்ட முதல் மாதம் எதுவும் வேண்டாம், மண்ணில் கலந்ததே போதும். அப்புறம் தொட்டிக்கு மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மூன்று நாள் ஊறிய கடலைப் புண்ணாக்குத் தெளிவை ஒன்றுக்குப் பத்து தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். ஈர மண்ணில்தான் ஊற்ற வேண்டும்.

நிலத்துச் செடிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது: 10 கிலோ தொழு உரம், 6 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்), 12 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 12 கிராம் சாம்பல்சத்து (பொட்டாஷ்). கவாத்துக்குப் பின் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை.

முட்டை ஓடு, டீத்தூள், வாழைப்பழத் தோல் ஆகியவற்றை மட்கவைத்துப் போட்டால் நல்லதுதான். அப்படியே மண்மேல் போட்டால் எறும்பும் ஈயும்தான் வரும். முட்டை ஓடு கரைய மாதக்கணக்கில் ஆகும்.

இலை மஞ்சளானால் உடனே உரம் போடாதீர்கள், எந்த இலை என்று பாருங்கள். அடி இலைகள் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு அல்லது தண்ணீர்த் தேக்கம். நுனித் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்தை வேரால் எடுக்க முடியவில்லை. உப்பும் சுண்ணாம்பும் ஏறிய மண்ணில் இது சகஜம். மண்ணைக் கழுவி, இரும்புச் சத்துக் கரைசல் கொடுத்தால் அடுத்த தளிர் பச்சையாக வரும்.

9. கவாத்து: மாதத்தை உங்கள் மழை சொல்லட்டும்

குளிர்நாடுகளில் ரோஜா பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். நம் சமவெளியில் உறக்கமே கிடையாது. அதனால் கிளைகளுக்கு நாமே ஒரு புதுத் தொடக்கம் கொடுக்கிறோம். வெட்டியதிலிருந்து ஏறக்குறைய 45 நாளில் பூ வரும். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் எந்த ஊரிலும் மாதத்தை நீங்களே முடிவு செய்யலாம். பூக்கும் காலம் குளுமையாகவும், வெட்டும் காலம் அடைமழை இல்லாமலும் இருக்க வேண்டும்.

கோவை, சேலம், ஓசூர்ப் பக்கம் அக்டோபரில் மழை இடைவெளி பார்த்து வெட்டினால் டிசம்பரில் பூ. சென்னை, நாகைப் பக்கம் நான் டிசம்பர் நடுவில், மழை தளர்ந்த பிறகே வெட்டச் சொல்வேன். வெட்டுவாய் நாள்கணக்கில் நனைந்தால் கருகல் உள்ளே இறங்கும். ஊட்டி, கொடைக்கானலில் உறைபனி தீரும் நேரமான ஜனவரி இறுதி, பிப்ரவரி. குளிரில் தளிர் மெதுவாக வளர்வதால் அங்கே 45 நாள் போதாது. இரண்டு மூன்று மாதம் ஆகும், ஏப்ரல், மே பூக்காலத்துக்குச் சரியாக இருக்கும்.

முதலில் காய்ந்த கிளை, நோய்க் கிளை, குச்சி போல மெலிந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை அடியோடு எடுங்கள். பிறகு மிச்சமுள்ள நல்ல கிளைகளைப் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். சமவெளியில் பாதிக்குக் கீழே போக வேண்டாம், கொஞ்சம் இலை மிஞ்சட்டும். மலையில் மூன்று நான்கு கனத்த கிளைகளை ஒன்றரை அடிக்கு வைத்துவிட்டு மற்றதை எடுத்துவிடலாம். பட்டன் ரோஜாவுக்கு முடி திருத்துவது போல மேலோட்டமாக வெட்டினால் போதும்.

ஒவ்வொரு வெட்டும் செடிக்கு வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, சற்றுச் சாய்வாக. கணு பார்க்கும் திசையில்தான் புதுக்கிளை போகும். உள்பக்கக் கணுவை விட்டால் நடுவில் நெருக்கடி ஆகும், காற்றோட்டம் குறையும், நோய் வரும். வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைப் பசையாகக் குழைத்துத் தடவுங்கள்.

பூத்து முடிந்த பூக்களை ஆண்டு முழுக்க எடுத்துக்கொண்டே இருங்கள். பூவின் கழுத்தில் கிள்ளாமல், ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைக்கு மேலே வெட்டினால் அடுத்த கிளை கனமாக வரும். மே மாதத்தில் மட்டும் பூவை மட்டும் எடுங்கள், இலை செடிக்கு நிழல்.

ஒட்டுக்குக் கீழிருந்து வேகமாக எழும் தளிரை விட்டுவிட்டால் ஒரே வருடத்தில் "ரோஜா காட்டு ரோஜாவாக மாறிவிட்டது" என்று சொல்ல வேண்டியிருக்கும். மாறவில்லை, வேர்ச்செடி மேலே வந்துவிட்டது. கத்தரியால் வெட்டினால் அடியில் மிஞ்சும் கணுவிலிருந்து திரும்ப வரும். மண்ணை விலக்கி, பிறக்கும் இடத்திலேயே கையால் பிய்த்தெடுங்கள்.

10. பூச்சியும் நோயும் பருவத்தோடு வரும்

வறண்ட வெயிலில், குறிப்பாக உள்மாவட்டங்களில், முதலில் வருவது சிவப்புச் சிலந்தி. இலை மேல்புறம் ஊசி குத்தியது போல வெளுக்கும். வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள், விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பெருமளவு போய்விடும். இதே தண்ணீர் கடலோர நவம்பரில் விஷம். அங்கே இலை ஏழெட்டு மணி நேரம் ஈரமாக நின்றாலே கரும்புள்ளி நோய் பிடிக்கும். ஆகவே மழை மாதங்களில் மண்ணுக்கு மட்டும் தண்ணீர், தொட்டிகளுக்கு இடையே இடைவெளி, புள்ளி விழுந்த இலைகளை உடனே பறித்துக் குப்பையில். பரவினால் மேங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம்.

மொட்டு விரியாமல் ஓரம் பழுப்பானால் இலைப்பேன். அந்த மொட்டுகளை எடுத்து அழியுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை வெந்துபோகும்.

ஓசூரிலும் மலையிலும் பகல் இதமாகவும் இரவு குளிர்ந்தும் இருக்கும் நாட்களில் தளிரில் சாம்பல் நோய் மாவு தூவியது போல வரும். நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் போதும். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தெளிக்கக் கூடாது, கடும் வெயில் நாளிலும் கூடாது.

நுனியிலிருந்து தண்டு கருத்துக்கொண்டே கீழே இறங்கினால் காத்திருக்காதீர்கள். கருப்பு முடியும் இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, வெட்டுவாயின் நடுவைப் பாருங்கள். பழுப்பு தெரிந்தால் இன்னும் கீழே போங்கள். நடுப்பகுதி வெள்ளையாகத் தெரிந்ததும் நிறுத்தி, காப்பர் ஆக்ஸிகுளோரைடுப் பசையைத் தடவி, அடுத்த செடிக்குப் போகும் முன் கத்தரியைச் சானிடைசரால் துடைத்துவிடுங்கள்.